மணக்காத சந்தை

பூனைச் சந்துக்குள் நுழைந்ததும் சிவகடாட்சம் மூக்கை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. குளிர் உள்ளே போனது, குளிர் வெளியே வந்தது, அவ்வளவுதான். இரண்டு பக்கத்து மரச்சட்ட வீடுகளும் மேலே போகப் போகச் சாய்ந்து கூரையோடு கூரை முட்டப் பார்க்கிற இந்தச் சந்தில், ஐந்நூறு வருஷத்து ஈரமும் பூனை மூத்திரமும் மூலையில் பாண் சுடுகிற கடையின் சூடும் கலந்து ஒரு வாடை நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். இன்றைக்கு அந்தத் தெரிதல் மட்டும்தான் இருந்தது, வாடை இல்லை. இது பத்தொன்பதாவது நாள். காய்ச்சல் மூன்றே நாளில் விட்டுவிட்டது, விட்டுப் போகிற போக்கில் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் கடிதம் எழுதுவார், எழுதிய கடிதம் எங்கேயாவது போய்ச் சேரும், பிரான்சில் கடிதம் போய்ச் சேராத இடமே இல்லை. மனைவி ரஞ்சிதமலரிடம்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பத்தொன்பது நாள் ஒத்திப்போட்டாயிற்று. ஒத்திப்போடுவதில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் இன்றைக்கு ஒத்திப்போட வழியில்லை. இரண்டு கையிலும் பெரிய பிரப்பங்கூடை, நேரம் காலை எட்டு, துருவா நகரத்துச் சனிக்கிழமைச் சந்தைக்கு அவன் தனியாக வந்திருக்கிறான், முதன்முதலாக.

மதாம் கொலெத்தின் சாப்பாட்டுக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடை அவளுடைய மாமனார் காலத்தது, வழக்கமும் அந்தக் காலத்தது. குசினிக்கு யார் தலைமைச் சமையல்காரரோ அவர்தான் சந்தையில் பொருள் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் கூடை தூக்கப் போகலாம், ஆனால் ஒரு கத்தரிக்காயைக்கூட விரலால் காட்டி இது என்று சொல்லக் கூடாது. யார் தேர்ந்தெடுத்தாரோ அவர் கையால்தான் அன்றைக்குச் சமையல், நல்ல பேரோ கெட்ட பேரோ அவருக்குத்தான். கடாட்சம் அங்கே கோப்பை கழுவினான், உருளைக்கிழங்கு சீவினான், வெங்காயம் வெட்டினான், பிறகு மெல்ல மெல்ல அடுப்படிக்கு வந்தான். பெரிய சமையல்காரன் ழெரோமுக்குப் பின்னால் இதே கூடைகளைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ சனிக்கிழமை நடந்திருக்கிறான். இப்போது ழெரோமுக்கு முழங்கால் இரண்டும் போய், இனி நிற்க முடியாது என்று ஆகிவிட்டது. புதன்கிழமை மதாம் கொலெத் குசினி வாசலில் நின்று, "சனிக்கிழமை நீ போ, சிவா. வாங்கிச் சமைத்துக் காட்டு. சரியாக வந்தால் திங்கட்கிழமையிலிருந்து குசினி உன்னுடையது" என்றாள். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தான்தான். திறந்து, "மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னான்.

சரி, போனது போகட்டும். கண் இருக்கிறது, கை இருக்கிறது, காது இருக்கிறது, நாக்கு பாதி இருக்கிறது, உப்பும் புளிப்பும் இனிப்பும் காரமும் தெரிகிறது. இவ்வளவும் வைத்துக்கொண்டு ஒரு சந்தையை முடிக்க முடியாதா? முடியும். முடித்துக் காட்டுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முறுக்கிவிட்ட கோபுரம் வைத்த பழைய தேவாலயத்தைத் தாண்டி, இரும்புக் கூரைச் சந்தைக் கட்டடத்தின் பக்கம் நடந்தான். உள்ளேயும் கடைகள், வெளியே தெருவிலும் கடைகள், செப்டம்பர் மாதம், முலாம்பழம் முடிகிற காலம், சின்ன மஞ்சள் பிளம் குவிகிற காலம். இன்றைக்கு ஒரு ஞானஸ்நானச் சாப்பாடு, முப்பது பேர். குழந்தையின் தாத்தா தானே வந்து கேட்டுவிட்டுப் போனார், திருக்கை வேண்டும், பழுப்பாகக் காய்ச்சிய வெண்ணெயோடு, தன் அம்மா செய்கிற மாதிரி. இந்த உலகத்தில் எத்தனை மீன் இருக்கிறது? சூரை இல்லையா, கெளுத்தி இல்லையா? மற்ற மீனென்றால் கண்ணைப் பார்க்கலாம், செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், அமுக்கிப் பார்க்கலாம். திருக்கையைச் செட்டையாக வெட்டித்தான் விற்பார்கள். அதில் கண்ணும் இல்லை செவுளும் இல்லை. நேற்றையதும் இன்றையதும் ஒரே மினுமினுப்பு, ஒரே வழுவழுப்பு. அது பழுதாகத் தொடங்கினால் ஒரு காரவாடை வரும், கக்கூஸ் கழுவுகிற மருந்து மாதிரி. அந்த வாடை மட்டும்தான் அதன் சாட்சி. கிழவருக்கு இந்த மீன்தான் நினைவுக்கு வர வேண்டுமா? அவர் அம்மா ஒரு கோழியைச் செய்திருக்கக் கூடாதா?

திருக்கையைக் கடைசியில் வாங்கலாம், முதலில் வெங்காயம். வெங்காயத்துக்கு மூக்கு வேண்டாம். சிவந்த வெங்காயம், வெள்ளை வெங்காயம், பின்னித் தொங்கவிட்ட உள்ளிப்பூண்டு, அதன் முன்னால் போய் நின்றான், நின்றவன் நின்றபடியே நின்றுவிட்டான். வெங்காயக் கடைக்கு முன்னால் அவன் ஒருநாளும் இப்படி நின்றதில்லை. மற்ற நாளென்றால் பத்தடி தூரத்திலேயே நெஞ்சு இறுகும், உள்ளங்கை வேர்க்கும், ழெரோம் வாங்கிக் கொடுத்ததைக் கூடையில் போட்டுக்கொண்டு அப்பால் நகர்ந்துவிடுவான். குசினியில் மூன்று வருஷம் வெங்காயம் வெட்டியபோது எல்லோரும் வெங்காயத்துக்கு அழுகிறான் என்று நினைத்தார்கள், அது எவ்வளவு வசதியாக இருந்தது. ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த வழியில் ஒரு லொறி, லொறி முழுக்க வெங்காய மூட்டை. மூட்டைகளுக்கு நடுவில் அவனும் கூட வந்த சிநேகிதன் தயாபரனும், இரண்டு இரவு, மூன்று பகல், எந்த நாடு என்று தெரியாது. தயாபரன் உடம்பு அனலாய்க் கொதித்தது. "சாரதிக்குச் சொல்லாதை கடாட்சம், இறக்கி விட்டிடுவான்" என்றான். கடாட்சம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாரதி கதவைத் திறந்து அவனே பார்த்தான், பார்த்துவிட்டுத் தயாபரனை ஒரு பெற்றோல் செட்டுக்குப் பக்கத்தில், மரத்தடியில், உட்கார வைத்துவிட்டு லொறியை எடுத்தான். அது போலந்தா, செக்கா, யாருக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு ஊருக்குள், ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியிருப்பானோ? தயாபரனுடைய படம் கிடையாது, கடிதம் கிடையாது, ஒரு சட்டைகூடக் கிடையாது. வெங்காய வாடை வரும்போதெல்லாம் அவன் வருவான், அவ்வளவுதான் மிச்சம். இப்போது வெங்காயக் குவியலுக்கு முன்னால் நெஞ்சு இறுகவில்லை. கை வேர்க்கவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும், ஆனால் கடாட்சத்துக்கு அழுகை வந்தது. உன்னையும் விட்டுவிட்டேனடா என்று நினைத்தான். கடைக்காரன் "எவ்வளவு, மெசியு?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டான். ஐந்து கிலோ என்றான்.

கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. முன்னால் நின்ற பெண் ஒரு அடி தள்ளி நின்றாள், தள்ளி நின்றது தன்னாலா அல்லது அவளுடைய நாய்க்குட்டியாலா என்று அவனுக்கு ஐமிச்சம். இது ஒரு புதுப் பயம், பத்தொன்பது நாள் வயசு. தன் உடம்பு மணக்கிறதா என்று தனக்கே தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிக்கிறான், சட்டையை அரைநாளில் மாற்றுகிறான், தோய்த்து முடியவில்லை என்று ரஞ்சிதமலர் முணுமுணுக்கிறாள். அடுப்பை நிறுத்தினேனா என்று படுக்கையிலிருந்து எழும்பி வந்து குமிழ்களைத் தடவிப் பார்க்கிறான். போன கிழமை பால் கொதித்துப் பொங்கி வழிந்து கருகியது, அவன் பக்கத்தில்தான் நின்றான், புகை கண்ணில் பட்ட பிறகுதான் தெரிந்தது. ரஞ்சிதமலர் ஓடிவந்து அடுப்பை நிறுத்தி, சட்டியைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டு, அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருப்பது நல்லதுக்கில்லை என்பது பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் அவன் படித்த பாடம். சீஸ் கடைக்காரன் கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

சீஸ் கடையில் ஒரு மரியாதை உண்டு, கத்தி நுனியில் ஒரு துண்டு வெட்டி நீட்டுவான், வாங்குகிறவன் அதை வாயில் போட்டு, ஒரு கணம் மேலே பார்த்து, ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சும்மா நல்லாயிருக்கிறது என்று சொன்னால் சுற்றுலா வந்த ஆள் என்று அர்த்தம். இந்தப் பக்கத்து வெள்ளைச் சீஸ், பஞ்சு மாதிரி, நடுவில் கொஞ்சம் நொறுங்கும். கடாட்சம் வாயில் போட்டான். உப்பு. கொஞ்சம் புளிப்பு. சுண்ணாம்பு தின்ற மாதிரி ஒரு கனம். அதற்கு மேல் ஒரு சுவர் நின்றது. மேலே பார்த்தான், இரும்புக் கூரையில் ஒரு புறா. என்ன சொல்லுவது? ழெரோம் போன வருஷம் இதே மாதம் என்ன சொன்னான்? "காளான்" என்றான் கடாட்சம், "பின்னால் கொஞ்சம் பாலாடை." கடைக்காரன் முகம் மலர்ந்தது. "அதேதான் மெசியு, அதேதான்! ஈரப் பாதாள அறையில் இருபது நாள் வைத்தது" என்று ஆரம்பித்துவிட்டான். கடாட்சம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா? போன வருஷத்து வார்த்தையை இந்த வருஷத்துச் சீஸுக்குப் போட்டுவிட்டு வரலாமா? வரலாம் போலிருக்கிறது. இப்படியே வார்த்தைகளை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? அந்த நினைப்பு ஒரு தெம்பாகவும் இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. சீஸைக் கூடையில் வைக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"எங்க நிக்கிறியள்?" ரஞ்சிதமலர்தான்.

"சந்தையில. வேற எங்க?"

"திருக்கை வாங்கியாச்சோ?"

"இன்னும் இல்லை. என்ன விசயம், கெதியாச் சொல்லும்."

"நான் ஒண்டு சொல்லப் போறன், கோவிக்கக் கூடாது. திங்கள், செவ்வாய், புதன், மூண்டு நாளும் ரசத்துக்கு நான் உள்ளி போடேல்ல. பெருங்காயமும் போடேல்ல. நீங்கள் மூண்டு நாளும் நல்லாயிருக்கெண்டு சொல்லி ரெண்டாந்தரமும் வாங்கிக் குடிச்சனீங்கள்."

கடாட்சம் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதுகூட மறந்துபோய்க் குரலைத் தாழ்த்தினான். "எனக்குச் சோதினை வைக்கிறீரோ?"

"சோதினை இல்லையப்பா. பயம். பால் எரிஞ்ச அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் சொல்லுற ஆள் இல்லை. உங்கட முதலாளி மனுசிக்குச் சொல்லிப்போடுங்கோ."

"இண்டைக்கு இல்லை. இண்டைக்கு மட்டும் விடும். இருவத்திரண்டு வருசம் ரஞ்சி."

"பிறகு எப்ப? ஆரும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு ஆஸ்பத்திரியில படுத்த பிறகோ?"

"வையும் போனை."

"வைக்கிறன். நான் திட்டுறதுக்கு எடுக்கேல்ல, தெரியுமோ? தனிய நிண்டு முழிக்கப் போறியள் எண்டுதான்." அவள் வைத்துவிட்டாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. உள்ளி போடாத ரசத்தை மூன்று நாள் குடிக்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். நல்லாயிருக்கு என்று சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது? புதன்கிழமை அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள், தலையிடி என்றாள். அதை நினைத்ததும் கோபம் நடுவழியில் நின்றுவிட்டது. தனிய நின்று முழிக்கவில்லை, நான் முழிக்கவில்லை, வேலை பார்க்கிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டே நடந்தவன் ஒரு கிழவியின் பச்சைப் போஞ்சிக்காய்க் குவியலுக்கு முன்னால் வந்து, நினைப்பு எங்கேயோ இருக்க, கையை நீட்டி ஒரு போஞ்சியை எடுத்து நுனியைப் பட்டென்று ஒடித்தான். ஒடித்த பிறகுதான் தெரிந்தது என்ன செய்தோம் என்று. இந்த நாட்டுச் சந்தையில் யாரும் எதையும் தொடக் கூடாது. விற்கிறவர் எடுத்துத் தருவார், வாங்குகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வந்த முதல் மாதமே அவன் படித்துக்கொண்ட சட்டம் அது. ஊரில், சாவகச்சேரிச் சந்தையில், வெண்டிக்காய் நுனியை ஒடிக்காமல் வாங்குகிறவனை மடையன் என்பார்கள், முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்க வேண்டும், தேங்காயைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பையில் கிடந்த கை, மூக்கு படுத்துக்கொண்டதும் தான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டது. "மெசியு!" கிழவி இடுப்பில் கை வைத்தாள். "அது தின்ன வைத்திருப்பது, ஒடிக்க வைத்திருப்பது இல்லை!" பின்னால் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். அவன் வாய் மன்னிப்புக் கேட்டது, கை இன்னொரு போஞ்சியை எடுத்துக் கிழவியின் காதுப் பக்கமாக நீட்டி ஒடித்தது. பட். "இன்று காலை பறித்தது" என்றான் கடாட்சம். கிழவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஐந்து மணிக்கு" என்றாள். "என் மருமகனுக்கே தெரியாது." பிறகு, "ஒடித்த இரண்டையும் உன் கூடையில்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நிறுத்தாள்.

அதிலிருந்து அவனுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. தக்காளியைக் காம்பைப் பார்த்து வாங்கினான். காளானைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டச் சொல்லி, அடி மடிப்பின் நிறத்தைப் பார்த்து வாங்கினான். முலாம்பழக் கடையில் ஒன்றும் பார்க்க வேண்டியதே இல்லை. "எப்போது சாப்பிடப் போகிறீர்கள், மதியமா, ராத்திரியா, நாளைக்கா?" என்று கடைக்காரன் கேட்டான். மதியம் என்றதும் ஒவ்வொரு பழமாக எடுத்துத் தன் மூக்கிலேயே வைத்து, இது மதியம், இது நாளைக்கு, இது மதியம் என்று பிரித்துக் கொடுத்தான். எவ்வளவு சுகம்! இந்த ஊரில் பழத்துக்கு மட்டும் இந்த மரியாதை, மீனுக்குக் கிடையாது. மீன்காரி மதாம் இவோன் யாருக்காகவும் மணந்து பார்த்துச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. அவளுடைய வழி வேறு. சமையல்காரன் என்று தெரிந்தால் வாயே திறக்க மாட்டாள், இரண்டு தட்டை எடுத்து முன்னால் வைப்பாள். எது வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். பிழையானதைக் காட்டினால் அதையே கட்டித் தருவாள், முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது, ஆனால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து உனக்கு அடியில் கிடக்கிற பழைய மீன்தான். ழெரோம் குனிந்து, மீசையை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஒரே ஒரு மூச்சு இழுத்து, விரலை நீட்டுவான். அந்த விரலைப் பார்த்துப் பார்த்துக் கடாட்சம் பொறாமைப்பட்டிருக்கிறான். கூடையோடு பின்னால் நின்று அவனும் இரகசியமாக ஒரு மூச்சு இழுப்பான், விரல் நீளுவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஏனென்றால் அவனுடைய மூக்குதான் குசினியில் மூத்த மூக்கு. மச்சம் மாமிசம் வாசலுக்குள் வராத சைவ வீட்டில் பிறந்தவனுக்கு அது எப்படி வந்ததோ தெரியாது, ஒருவேளை அதனால்தான் வந்ததோ என்னவோ, பழக்கமில்லாத வாடை என்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நெற்றியில் அடித்தது. வந்து இரண்டாவது வருஷம், பிரெஞ்சில் இருபது வார்த்தை தெரிந்த காலம், கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் திடீரென்று கையைத் துடைத்துவிட்டுப் போய் ழெரோமின் தோளைத் தொட்டு, ஒரு மட்டிச் சாக்கைக் காட்டி, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். ழெரோம் ஏசினான். ஏசிவிட்டுச் சாக்கைக் கொட்டினான், அடியில் செத்த மட்டி இருந்தது. அன்றையிலிருந்து எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் "சிவா, வா, மண" என்று கூப்பிடுவார்கள். பேச்சு வராத காலத்தில் அவன் இந்த ஊரில் பேசிய பாஷை அதுதான். ஊமையாக இருந்தவனை ஆளாக்கியது அந்த மூக்கு, அது போய்விட்டதென்று தெரிந்தால் மறுபடி கோப்பையா? ஐம்பது வயதில்? இல்லை, இல்லை, அவ்வளவுக்குப் போகாது, மதாம் கொலெத் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் குசினியைத் தர மாட்டாள். பாரிசிலிருந்து யாராவது ஒரு இளந்தாரியைக் கூட்டி வருவாள், அவன் கூடையைக் கடாட்சம் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். முடியாது. இன்றைக்குத் திருக்கையை வாங்கியே தீர வேண்டும். எப்படி வாங்குவது? வாங்கியே தீர வேண்டும். எப்படி? கால்கள் அவனைக் கேட்காமல் மீன் கடை வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டன.

மதாம் இவோன் முழங்கை வரைக்கும் சிவந்த கையோடு, ஐஸ் குவியலுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு அறுபது வயது இருக்கும். கடாட்சத்துக்குப் பின்னால் வந்து நின்றவனைத் திரும்பிப் பார்த்தால், ஆற்றங்கரை ஹோட்டலின் சமையல்காரன் ரெனே. வேறு யாரும் கிடைக்கவில்லையா? ரெனேயிடம் ஒன்று சொன்னால் அதை மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரிமாறிவிடுவான். "இன்றைக்கு நீயா?" என்றான் ரெனே, கூடைகளைப் பார்த்து. கடாட்சம் தலையை ஆட்டினான். முறை வந்தது. "திருக்கை. முப்பது பேருக்கு" என்றான். மதாம் இவோன் குனிந்து இரண்டு தட்டை எடுத்து ஐஸுக்கு மேல் வைத்தாள், ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

குனிந்தான். இளஞ்சிவப்புச் செட்டைகள், விசிறி விசிறியாய்க் கோடு, மேலே கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. இடது தட்டுக்கு மேல் ஒரு மூச்சு இழுத்தான். குளிர். வலது தட்டுக்கு மேல் இழுத்தான். குளிர். இடதில் ஒரு செட்டையின் ஓரம் கொஞ்சம் மங்கலோ? இல்லை, தார்ப்பாய் நிழல். வலதில் கொஞ்சம் ஈரம் கூடவோ? ஐஸ் தண்ணீர். மறுபடி இடது. இவ்வளவு நேரம் யாரும் குனிவதில்லை, ழெரோமுக்கு ஒரு மூச்சு போதும். முதுகில் ரெனேயின் பார்வை. இரண்டில் ஒன்று நல்லது, அப்படியானால் பாதி வாய்ப்பு இருக்கிறது, பாதி என்பது குறைவா? லொறியில் ஏறியபோது அதுகூட இல்லை. விரலை நீட்டு. வலது. ஏன் வலது? சும்மா. விரலை நீட்டிவிடு கடாட்சம், முடிந்துவிடும், திங்கட்கிழமை குசினி உன்னுடையது. முப்பது பேர். கிழவர் அம்மாவை நினைத்துக்கொண்டு முதல் வாய் வைப்பார். குழந்தைக்குப் பால் கொடுக்கிற பெண் சாப்பிடுவாள். காளான், பின்னால் கொஞ்சம் பாலாடை என்று வார்த்தையை எடுத்து விட்டால் திருக்கை கேட்குமா? திருக்கை கேட்காது. மூக்கு போனதுகூட இல்லை, இந்தப் பத்தொன்பது நாள் மூச்சை அடக்கியே இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்து இதுவரைக்கும் எவரைக் காப்பாற்றினேன்? ஒருவரையும் இல்லை. நிமிர்ந்தான்.

"மதாம், என் மூக்கு வேலை செய்யவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு பத்தொன்பது நாளாக ஒரு மணமும் தெரியவில்லை. எது நல்லது என்று எனக்குச் சொல்ல முடியாது. நீங்கள் மணந்து பார்த்துச் சொல்லுங்கள்."

வரிசை அமைதியாயிற்று. அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது, உண்மையில் பக்கத்துக் கடையில் இறால் விலையைக் கூவிக்கொண்டுதான் இருந்தார்கள். மதாம் இவோன் கட்டிய கையை அவிழ்க்காமல் அவனையே பார்த்தாள். ரெனே பின்னால் தொண்டையைக் கனைத்தான். பிறகு அவள் இடது தட்டை எடுத்துக் கீழே வைத்தாள். அப்பாடா, வலது, நான் நினைத்தது வலது என்று கடாட்சம் மனசுக்குள் துள்ளிய அதே நொடியில் வலது தட்டையும் எடுத்துக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நின்ற வேனுக்குப் போனாள், கதவைத் திறந்தாள், உள்ளிருந்து மூன்றாவது தட்டு ஒன்றைத் தூக்கி வந்தாள். தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். அதோடு விடாமல் கடாட்சத்தின் தோளுக்கு மேலால் ரெனேயின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீயும் சொல்." ரெனே குனிந்து மணந்து பார்த்தான். "கடல்" என்றான், ஒரே வார்த்தை. அவன் முகத்தில் கிண்டலைத் தேடிய கடாட்சத்துக்கு அது கிடைக்கவில்லை.

"அந்த இரண்டும்?" என்று கேட்டான்.

"நேற்றையது" என்றாள் மதாம் இவோன், காகிதத்தை விரித்துச் சுற்றிக்கொண்டே. "கெட்டது இல்லை. இன்றையது இல்லை, அவ்வளவுதான். இரண்டில் எதையும் காட்டாமல் நிமிர்ந்தவர்கள் இந்த வரிசையில் அதிகம் பேர் இல்லை, மெசியு."

ஆக, பாதி வாய்ப்பு என்பதே இருக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே காது சூடேறியது. கூடைகளை எடுத்துக்கொண்டு தேவாலயச் சுவர் ஓரமாய் வந்து நின்று, போனை எடுத்தான். ரெனே இன்னும் மீன் வாங்கி முடித்திருக்க மாட்டான், அவன் முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும், மதாம் கொலெத் இதை வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது. எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாய் யோசித்தான், மூன்றும் மன்னிப்பாகவே வந்தது. மணி போய்க்கொண்டிருந்தது. அவள் எடுத்தாள்.

"திருக்கை கிடைத்தது, இன்று வந்தது. மதாம் இவோன் மணந்து பார்த்துத் தந்தாள், ரெனேயும் மணந்து பார்த்தான். நான் மணந்து பார்க்கவில்லை, மதாம், எனக்கு மூக்கு போய்விட்டது. பத்தொன்பது நாளாயிற்று. புதன்கிழமை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது என் பிழை."

அந்தப் பக்கம் ஒரு கதிரையை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. "திரும்ப வருமா?"

"தெரியாது."

"திங்கட்கிழமை பேச வேண்டும், சிவா. நான் இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன்."

"சரி." திங்கட்கிழமை போனாலும் போகட்டும், அது திங்கட்கிழமைக்கு. ஆனால் இன்றைக்கு முப்பது பேர். யார் தேர்ந்தெடுத்தாரோ அவர்தான் சமையல். நான்தான் தேர்ந்தெடுத்தேன், கேட்டுத் தேர்ந்தெடுத்தேன், அதுவும் தேர்ந்தெடுத்ததுதான்.

"இன்றைக்கு உன்னால் முடியுமா?" என்று அவள் கேட்டாள்.

"முடியும். மீனை நான் கண்ணால் பார்த்து வேக வைப்பேன். வெண்ணெய் மட்டும் ஒரு நொடி தப்பினாலும் கசந்துவிடும். அதற்கு ஒரு மூக்கு வேண்டும். நீங்கள் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நில்லுங்கள். வறுத்த கொட்டை மணம் வந்த உடனே சொல்ல வேண்டும், யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது, முதலாளிக்குக் கட்டளை போட்டுவிட்டோம் என்று. மாமனார் காலத்திலிருந்து அவளை அடுப்பங்கரையில் வந்து நில் என்று யாரும் சொன்னதில்லை. திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்தான். எடுத்துக்கொள்ளவில்லை. காத்திருந்தான்.

"எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?" என்றாள் மதாம் கொலெத்.

"பன்னிரண்டே கால்" என்றான் கடாட்சம். "கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்."